முருங்கன் களிக்கும் காலி வீதிக்கும் ஒரே டயரா?

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. ஹைலக்ஸ் வீகோ டபுள் கெப் வைத்திருக்கிறார். இப்போது போட்டிருக்கும் 255/70 ஆர்15 ரோட் டயர் தேய்ந்துவிட்டது. மாதம் ஒரு தடவை முருங்கனில் அப்பாவின் வயலுக்குப் போய்வருவார். வருடத்தில் ஒன்றிரண்டு தடவை கூட்டாளிமாரோடு நக்கிள்ஸ் மலைக் கிராமமான மீமுரே. போன மாரியில் வயல் பாதையில் கெப் புதைந்து, டிராக்டர் வந்துதான் இழுத்து எடுத்திருக்கிறது. அந்த வெட்கத்தில் இனி மட் டயர்தான் என்று முடிவெடுத்து, 31×10.50 ஆர்15 அளவில் பிஎஃப்குட்ரிச் கேஎம்3, மெக்ஸிஸ் பிக்ஹோர்ன், யொக்கஹாமா ஜியோலேண்டர் எம்டி ஜி003 மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறார். மூன்றில் எது? காசு போதாவிட்டால் பின்னுக்கு இரண்டு மட்டும் போடலாமா?

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போடாதீர்கள். வீகோவின் ஃபோர் வீல் பார்ட்-டைம் வகை. ஃபோர் வீலைப் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷல் நடுவில் கிடையாது. பழைய டயரின் உயரம் 738 மில்லிமீற்றர். 31 அங்குலம் என்பது கணக்குப்படி 787. ஒவ்வொரு சுற்றிலும் பின் சக்கரம் முன் சக்கரத்தைவிடப் பதினைந்து சென்ரிமீற்றர் கூட ஓடப் பார்க்கும். முன் சக்கரம் விடாது. சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தின்றுவிடும். கிறவலிலோ கல்லிலோ வழுக்க இடமில்லாதபோது இழுபறி முழுவதும், எஞ்சின் பலத்தை இரண்டு அச்சுக்கும் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குப் போகும். டயரில் மிச்சம் பிடித்த காசு அங்கே கரையும். ஒரே உயரத்தில் வாங்கினாலும் பின்னுக்கு மட்டும் போடுவது வீண்தான். சேற்றில் வழி வெட்டுவது முன் சக்கரம். அது மொட்டையாக இருந்தால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கெப் நேரேதான் போகும். வாங்கினால் நான்கு வாங்குங்கள், ஸ்பெயாரையும் சேர்த்து ஐந்தென்றால் இன்னும் நல்லது.

இனி டயருக்கு வருவோம். பிராண்டைப் பார்க்கமுன் உங்கள் வயல் மண்ணைப் பாருங்கள். முருங்கன் மண் நாட்டின் மற்ற இடங்களைப் போன்றதல்ல. மண்ணியல்காரர் குருமுசோல் என்று சொல்லும் கறுப்புக் களி அது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும், மழை விழுந்தால் தண்ணீரை உறிஞ்சி வீங்கும். அதன்மேல் செருப்போடு பத்து அடி நடந்து பாருங்கள். நாலாவது அடியில் செருப்பு கனக்கும், பத்தாவது அடியில் நீங்கள் இரண்டு அங்குலம் உயர்ந்திருப்பீர்கள். காலை உதறினாலும் விழாது, குச்சியால் சுரண்ட வேண்டும். டயருக்கும் இதேதான் நடக்கிறது. ரப்பர் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளம் களியால் அடைபட்டதும், எவ்வளவு விலையான மட் டயரும் வழுவழுத்த உருளையாகிவிடும்.

ஆகவே மட் டயர்களை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதல்ல. புகுந்த களி எவ்வளவு சுலபமாக வெளியே போகும் என்பதைப் பாருங்கள். பள்ளம் அகலமாக, மேலே விரிந்து அடியில் ஒடுங்கி, டயரின் நடுவிலிருந்து தோள்வரை தடையில்லாமல் ஓட வேண்டும். கடையில் டயரை நிறுத்தி வைத்துவிட்டு நடுப் பள்ளத்தில் ஒரு விரலை வைத்து வெளிப்பக்கமாக இழுங்கள். விரல் நிற்காமல் தோளைத் தாண்டி வெளியே வந்தால் களியும் வரும். எங்கேயாவது ஒரு கட்டையில் முட்டி நின்றால் களியும் அங்கேதான் நிற்கும். அடியில் சின்னச் சின்னக் குமிழ்போல ரப்பர் மேடுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கல்லையும் களியையும் தள்ளிவிடத்தான் அவற்றை வைத்திருக்கிறார்கள்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. களி தானாக விழாது, சக்கரம் சுற்றும் வேகத்தில்தான் தெறிக்கும். மட் டயர் போட்டுக்கொண்டு முதல் கியரில் எறும்பு மாதிரி ஊர்ந்து போய், "காசு வீண்" என்று சொன்னவர்களைக் கண்டிருக்கிறேன். ஒட்டும் களியில் ஃபோர் வீலின் மெதுவோட்ட லோ ரேஞ்சில் இரண்டாம் மூன்றாம் கியரில் சக்கரத்தைக் கொஞ்சம் சுற்ற விட வேண்டும். மட்கார்ட் உள்ளே தடதடவென்று களி அடிக்கும் சத்தம் கேட்டால் டயர் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். சத்தம் நின்று எஞ்சின் மட்டும் கத்தினால் காலை எடுத்துவிடுங்கள், அதற்குமேல் நீங்கள் தோண்டுவது உங்கள் குழியை.

மீமுரே வேறு கதை. ஹுன்னஸ்கிரியவிலிருந்து கோர்பெட்ஸ் கெப் என்ற மலைக் கணவாய் தாண்டி இறங்கும் வழியில் உங்களுக்கு எதிரி கல். அங்கே டயரின் பக்கச் சுவர்தான் அடி வாங்கும். காற்றைக் குறைத்து ஓடும்போது சுவர் வெளியே பிதுங்கி நிற்கும், கூரான கல்லொன்று கத்தி போல இறங்கிவிடும். பக்கச் சுவர் வெட்டுக்கு ஒட்டுப் போட முடியாது, டயரை எறிய வேண்டியதுதான். அந்த இடத்துக்கு கேஎம்3 நல்ல டயர். சுவரில் மூன்று பிளை, அதாவது மூன்று நூல் அடுக்கு இருக்கிறது, தோளுக்குக் கீழேயும் தடித்த ரப்பரைப் படர விட்டிருக்கிறார்கள். 2018இல் வந்த டயர் அது, முந்திய கேஎம்2ஐவிடக் கல்லில் ஒட்டிப் பிடிக்கும். மெக்ஸிஸ் பிக்ஹோர்ன் பழைய பாணி. பெரிய கட்டை, தடித்த சுவர், அலட்டிக்கொள்ளாத டயர். சேற்றிலும் கிறவலிலும் குறை சொல்ல மாட்டேன், தார் வீதியில்தான் வயது தெரியும். தேயத் தேய முழக்கம் கூடும், புத்தளம் போய்ச் சேரமுன் ரேடியோவை நிறுத்திவிடுவீர்கள். யொக்கஹாமா ஜி003 2017இல் வந்தது. மூன்றிலும் தார் வீதிக்கு மரியாதை கொடுக்கும் டயர் அதுதான் என்பது என் அபிப்பிராயம். சத்தம் அடங்கியிருக்கும், ஸ்டியரிங் அலையாது. ஒட்டும் களியில் மற்ற இரண்டுக்கும் ஒரு படி பின்னால்தான்.

போட்டிக்காரர்கள் போடும் டிராக்டர் டயர் மாதிரியான, நூல் அடுக்குகள் குறுக்குமறுக்காகப் போகும் பயஸ் பிளை ரகங்களும் உண்டு. களியில் அவற்றுக்கு நிகரில்லை. ஆனால் இரவு நிறுத்தி வைத்தால் தரையில் பட்ட இடம் தட்டையாகி, காலையில் முதல் சில கிலோமீற்றருக்கு மாட்டு வண்டியில் போவதுபோல் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு காலி வீதியில் வேலைக்குப் போகிறவருக்கு என் அனுதாபம்.

இனி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். வெள்ளவத்தையிலிருந்து முருங்கனுக்கு ஒரு வழி கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர். நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி என்று எல்லாம் தார். அதில் சேறு எவ்வளவு? பிரதான வீதியிலிருந்து வயல்வரை, மிஞ்சினால் இரண்டு மூன்று கிலோமீற்றர். அதுவும் ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரிவரைதான். மற்ற மாதங்களில் அந்த மண் சீமெந்து மாதிரி இறுகிக் கிடக்கும். ஆக நீங்கள் வாங்கப் போகும் டயரின் ஆயுளில் பெரும்பகுதி கழியப் போவது தாரில்.

தாரிலும் ஈரத் தார்தான் கெட்டது. மட் டயரில் பாதிக்குப் பாதி இடைவெளி, வீதியைத் தொடும் ரப்பர் குறைவு. உயரமான கட்டைகள் பிரேக் போடும்போது நெளியும். வெட்டுப்படாமல் இருப்பதற்காக ரப்பரைக் கடினமாக வார்த்திருப்பார்கள். தண்ணீர் தேங்கி நிற்கும் வீதியில் மட் டயர் மோசமில்லை, பள்ளம் பெரிதாக இருப்பதால் தண்ணீர் வடிந்துவிடும். அதனால் கொழும்பில் வெள்ளம் நின்ற நாளில் ஓடிப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே பிடிக்குது" என்று ஏமாறுகிறவர்கள் அதிகம். ஆபத்து இருப்பது பல நாள் வெயிலுக்குப் பிறகு விழும் முதல் தூறலில். எண்ணெயும் தூசியும் சேர்ந்து வீதியில் சவர்க்காரம் பூசியதுபோல் இருக்கும் அந்த அரை மணி நேரம்.

அந்த அரை மணி நேரத்தில் நானும் மாட்டியிருக்கிறேன். 2015, சிலாபம் தாண்டி. வேகம் அறுபதுக்கு மேல் இல்லை. முன்னால் போன பஸ் ஆளை ஏற்ற நின்றது. நானும் பிரேக்கை மிதித்தேன், ஜீப் கேட்கவில்லை. முன் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு பஸ்ஸின் பின்பக்கக் கண்ணாடியை நோக்கி வழுக்கிக்கொண்டே போகின்றன. பிரேக்கை விட்டு இடப்பக்கம் ஒடித்ததில் வீதியோரக் கிறவலில் இறங்கி, தென்னந்தோட்டத்து முட்கம்பி வேலியில் சாய்ந்து நின்றேன். எனக்கு ஒன்றுமில்லை. தோட்டக்காரருக்கு இரண்டு கம்பத்துக்குக் காசு கொடுத்தேன், அவர் தேங்காய்த் தண்ணீர் கொடுத்தார். டயர்கள் நான்கும் வாங்கி மூன்று மாதம்தான்.

வீட்டுக்கு வந்து டயரின் பக்கத்தைத் துடைத்துப் பார்த்தேன். டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கம் 3209. 2009ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் செய்தது. ஆறு வருடம் ஏதோ களஞ்சியத்தில் கிடந்து, பொலிஷ் பூசப்பட்டு, "புது ஸ்டொக்" என்று எனக்கு வந்திருக்கிறது. ரப்பரில் நகத்தை அழுத்தினால் தடம்கூட விழவில்லை. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, பார்க்காமல் வாங்கியது என் பிழையும்தான். மட் டயர் இங்கே மெதுவாகத்தான் விற்பனையாகும், அதனால் பழைய ஸ்டொக் மாட்டுவதற்கு வாய்ப்பு சாதாரண டயரைவிட அதிகம். நான்கு டயரிலும் தனித்தனியாகத் திகதியைப் பாருங்கள். அந்த இலக்கம் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும், சில நேரம் உள்பக்கமாகத் திருப்பி அடுக்கி வைத்திருப்பார்கள். இரண்டு வருடத்துக்கு மேற்பட்டதென்றால் நான் வாங்க மாட்டேன், எவ்வளவு விலை குறைத்தாலும்.

31×10.50 என்ற அளவுக்கு வருவோம். பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் டயர் 49 மில்லிமீற்றர் உயர்ந்தால் அச்சு உயர்வது அதில் பாதிதான், ஒரு அங்குலத்துக்கும் குறைவு. அதற்கு விலையாக ஸ்பீடோமீற்றர் 60 காட்டும்போது நீங்கள் 64இல் போவீர்கள். ஓடிய தூரத்தையும் மீற்றர் குறைத்துத்தான் காட்டும். மட் டயருக்கு மாறியவர்கள் "டீசல் பயங்கரமாகக் குடிக்கிறது" என்று அழுவதில் ஒரு பங்கு மீற்றரின் பொய், மிச்சம் உண்மை. ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது உள் மட்கார்ட்டில் உரசுகிறதா என்று கடையிலேயே இரண்டு பக்கமும் ஒடித்துப் பாருங்கள். 10.50 அகலத்துக்கு 7 அங்குலத்துக்குக் குறையாத ரிம் வேண்டும்.

235/75 ஆர்15 என்று இன்னொரு அளவு உண்டு. உயரம் 733, உங்கள் பழைய டயருக்குக் கிட்டத்தட்டச் சமன், அகலம் இரண்டு சென்ரிமீற்றர் குறைவு. மேலே சேறு, அடியில் இறுகிய தரை என்ற இடங்களில் ஒல்லி டயர் கத்தி மாதிரி வெட்டி அடியைப் பிடிக்கும், அகல டயர் மேலே மிதந்து வழுக்கும். எனக்கு ஒல்லிதான் விருப்பம். ஆனால் நீங்கள் வயலிலிருந்து நெல் மூட்டை ஏற்றி வருகிறவர் என்றால் பாரத்தைப் பார்க்க வேண்டும். அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் இலக்கம்தான் அது. 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். 31×10.50இல் சி ரகத்துக்கு (சுவரில் போட்டிருக்கும் பாரத் தரத்தின் எழுத்து அது) 109 போட்டிருக்கும், 1,030 கிலோ. 235/75 சி ரகத்தில் 104, அதாவது 900 கிலோதான். ஆகவே அந்த அளவில் எடுத்தால் 110 போட்டதாகத் தேடி எடுங்கள். இந்த ஒரு இலக்கத்தைப் பார்க்காமல் "மட் டயர்தானே, பலமாகத்தான் இருக்கும்" என்று நினைப்பது சரியில்லை.

காற்று பற்றிச் சுருக்கமாக. போன மாரியில் நீங்கள் புதைந்தபோது டயரில் எத்தனை பிஎஸ்ஐ இருந்தது? 32 என்றுதான் நினைக்கிறேன், கொழும்பில் பெற்றோல் ஷெட்டில் அடித்தது அப்படியே. அதை 18க்குக் குறைத்திருந்தால் அந்த ரோட் டயரோடும் தப்பியிருக்கக்கூடும். காற்று குறையக் குறைய டயர் நீளவாக்கில் தரையில் படியும், பாரம் பரவும், புதைவது குறையும். பள்ளங்கள் நெளிந்து வளைவதால் ஒட்டின களியும் உதிரும். மணலென்றால் 15, கல்லென்றால் 20க்குக் கீழே போகாதீர்கள். 12க்குக் கீழே இறக்கி ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். தார் ஏறமுன் திரும்ப அடித்தே ஆக வேண்டும். அரைக் காற்றோடு வேகமாக ஓடினால் சுவர் சூடேறி வெடிக்கும். பன்னிரண்டு வோல்ட் கொம்ப்ரஸர் ஒன்றும் ஒழுங்கான கேஜ் ஒன்றும் இன்றைக்கே வாங்குங்கள், டயரை அடுத்த மாதம் வாங்கலாம்.

அப்படியென்றால் என்ன செய்வது? நானென்றால் கெப்பில் தாருக்கும் கரடுமுரடான பாதைக்கும் பொதுவான ஓல்-டெரெய்ன் டயர் போடுவேன். பிஎஃப்குட்ரிச் கேஓ2 மாதிரி, சுவர் தடித்த ரகம். கொழும்பு மழைக்கும் புத்தளம் வீதிக்கும் மீமுரேக் கல்லுக்கும் அது போதும். கோடை வயலுக்கும் போதும்.

மாரிக்கு வேறு ஏற்பாடு. கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் வீகோவுக்குச் சரியான ஆறு நட் இரும்பு ரிம் நான்கு பழையதாக எடுங்கள். சுற்றிவிட்டுப் பார்த்து, கோணலில்லாததாக. அவற்றில் மட் டயரை ஏற்றி, முருங்கன் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வெள்ளவத்தை ஃப்ளெட்டில் நான்கு டயர் வைக்க எங்கே இடம்? அங்கே நெல் அறையின் மூலையில் வெயில் படாமல் படுக்க வைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடினால் சரி. மாரியில் போய் இறங்கியதும் முற்றத்தில் மாற்றுங்கள், வயலுக்குப் போய்விட்டு வந்து திரும்ப மாற்றுங்கள். இரண்டு பேர் என்றால் முக்கால் மணி நேர வேலை. ஜெக்குக்கு அடியில் தடித்த பலகை ஒன்று வையுங்கள், அந்த மண்ணில் ஜெக்கும் புதையும்.

இப்படிச் செய்தால் உங்கள் முதல் கேள்விக்கே பதில் மாறிவிடும். அந்த டயர் தாரைக் காணப் போவதில்லை. சத்தம், ஈரத்தில் பிரேக், டீசல் எதையும் பார்க்க வேண்டாம். மூன்றில் விலை குறைவாக, பள்ளம் அகலமாக இருப்பதை எடுங்கள். விலை டொலரோடு சேர்ந்து ஏறி இறங்குவதால் இலக்கம் சொல்லவில்லை, பெரும்பாலும் மெக்ஸிஸ்தான் வரும். பழைய ஜீப்புகளுக்கு வரும் 7.00-16 லக் டயர்கூட யோசிக்கலாம். டியூப் வேண்டும், ரிம்மும் ஒல்லியாக வேண்டும், ஆனால் களியை வெட்டுவதில் அந்தக் கிழவனை மிஞ்ச ஆளில்லை.

டயர் மாற்றுவதற்குச் சோம்பல், ஒரே செட்டில்தான் ஓடுவேன் என்றால் யொக்கஹாமாவை எடுங்கள். மீமுரேக்கு மாதம் ஒரு தடவை போகத் தொடங்கினால் கேஎம்3. எதை எடுத்தாலும் 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஸ்பெயாரோடு சேர்த்து இடம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கட்டைகள் ஒருபக்கமாகத் தேய்ந்து இரைச்சல் இரட்டிப்பாகும்.

முற்றத்தில் மாற்றுகிறீர்கள் என்றால் ரிம்மின் உள்பக்கத்தையும் ஹப்பையும் துணியால் துடைத்துவிட்டு ஏற்றுங்கள். நடுவில் காய்ந்த களி ஒரு பருக்கை இருந்தாலும் ஓட ஓட நட் இளகும். கொழும்புக்குத் திரும்பும் வழியில் மதவாச்சியில் தேத்தண்ணிக்கு நிறுத்தும்போது இருபத்துநான்கு நட்டையும் இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள்.